பிடியரிசியும் பேராலயமும்



கந்தப்பளையில் பனி விலகுமுன்னரே பிரட்டுக்களத்தை நோக்கிச் செல்லும் பாதைகளில் ஆளரவம் கேட்கத் தொடங்கிவிடுகின்றது. கொழுந்து மலைக்கு ஏறும் தாய்மாரும், கரட், லீக்ஸ், உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கு இறங்கும் சகோதரரும் குளிரையும் மழையையும் பொருட்படுத்துவதில்லை. அவர்களுள் அநேகர் வீட்டை விட்டுப் புறப்படுமுன் ஒரு நிமிடமேனும் கண்களை மூடி ஜெபிக்கின்றவர்கள். ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவர்கள். இத்தகையோரின் உள்ளத்தில் பல காலமாக ஒரு கேள்வி நின்றுகொண்டிருக்கின்றது. நாங்கள் ஜெபிக்கின்றோம், உழைக்கின்றோம், ஆயினும் செழிப்பு எங்கள் லயத்தின் வாசலுக்கு ஏன் வரவில்லை என்பதே அக்கேள்வி.

இக்கேள்விக்கு இரண்டு பதில்கள் இலகுவாகக் கிடைக்கின்றன. உங்கள் விசுவாசம் போதாது, இன்னும் அதிகமாக ஜெபித்துக் காணிக்கை கொடுத்தால் தேவன் பல மடங்காகத் திருப்பித் தருவார் என்று சிலர் போதிக்கின்றனர். ஜெபத்தினால் அடுப்பு எரியாது, உழைப்பு ஒன்றே உயர்வு தரும் என்று வேறு சிலர் கூறுகின்றனர். முதலாவது பதில் ஏழையின் வறுமைக்கு ஏழையையே குற்றவாளியாக்குகின்றது. இரண்டாவது பதிலோ, வாழ்நாள் முழுவதும் உழைத்தும் உயராத இலட்சக்கணக்கானோரைக் கண்டுகொள்வதே இல்லை. இவ்விரு பதில்களையும் ஒருபுறம் வைத்துவிட்டு, ஜெபத்தையும் உழைப்பையும் தம் வாழ்வில் ஒன்றாக இணைத்த ஒரு தமிழரின் வரலாற்றை இன்று நாம் தியானிப்போம். அவர்தான் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதலாவது இந்தியப் பேராயராக விளங்கியவர் இவரே.

தாயின் ஜெபம்

அசரியா 1874 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 17 ஆம் திகதி, அக்காலத் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரிலே பிறந்தார். பனைமரங்களும் தேரி மணலும் நிறைந்த வறண்ட பூமி அது. அவருடைய தந்தையார் தோமஸ் வேதநாயகம், மிஷன் பாடசாலையில் கல்வி கற்கும் காலத்தில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு பின்னர் கிராமக் குருவானவராகப் பணியாற்றியவர். தாயார் எல்லன் அம்மையார் ஓர் ஆண்மகவுக்காக நெடுங்காலம் ஜெபித்துக் காத்திருந்தவர். வேதாகமத்தில் அன்னாள் தன் கண்ணீருக்குப் பதிலாகப் பெற்ற மகனுக்கு இட்ட பெயரையே, அவரும் தமது மகனுக்கு இட்டார்.

மலையக வாசகர்களே, இவ்வூரின் பெயர் உங்களில் சிலருக்கு அந்நியமானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கடல் கடந்து வந்த உங்கள் முன்னோர்களில் ஒரு பகுதியினர் அதே திருநெல்வேலிச் சீமையிலிருந்து புறப்பட்டவர்களே. 1850களில் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரிடையே நற்செய்திப் பணி ஒழுங்காகத் தொடங்கப்பெற்றபோது, உபதேசியார்களாக வந்தவர்களும் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களே. ஆகவே அசரியாவின் வரலாறு நமது உறவுமுறைக்குள் நடந்த வரலாறாகும்.

அசரியாவுக்குப் பதினைந்து வயதாகியிருந்தபோது தந்தையார் காலமானார். அதன்பின் மகனை ஆளாக்கும் பொறுப்பைத் தாயாரே சுமந்தார். அவர் பாசம் மிகுந்தவர், ஆயினும் கண்டிப்பில் குறை வைக்காதவர். மகனுக்காக ஜெபித்த அதே தாய், மகன் தன் வேலையைத் தானே செய்யவேண்டும் என்பதிலும் உறுதியாயிருந்தார். ஜெபம் சோம்பலுக்குப் போர்வையாகக் கூடாது என்னும் பாடத்தை அசரியா முதன்முதலில் கற்றது இறையியல் நூல்களில் அன்று, தம் வீட்டில்தான்.

பட்டம் இல்லாத பட்டதாரி

மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் பயின்றபின், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலே அவர் கணிதம் கற்றார். இறுதித் தேர்வின்போது நோய்வாய்ப்பட்டமையால் பட்டம் பெறாமலேயே கல்லூரியை விட்டு வெளியேற நேர்ந்தது. கிராமத்துக் குருவானவரின் மகனுக்கு அக்காலத்தில் பட்டம் என்பது நல்ல அரசாங்க உத்தியோகத்திற்குரிய வாசல். அந்த வாசல் மூடிக்கொண்டது. ஜெபித்த பிள்ளைக்கு ஏன் இவ்வாறு நேர்ந்தது என்று உறவினர் கேட்டிருப்பின், அன்றைய நாளில் அதற்கு விடை கூற ஒருவராலும் முடிந்திராது.

1895 ஆம் ஆண்டில் அவர் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளராகப் பணியேற்று, தென்னிந்தியாவெங்கும் பயணஞ் செய்து வாலிபரைச் சந்தித்தார். 1898 ஆம் ஆண்டில் அன்பு மரியம்மாள் சாமுவேலைத் திருமணஞ் செய்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களுள் முதன்முதலில் கல்லூரிக் கல்வி பெற்றவர்களில் ஒருவர் அவ்வம்மையார். சீதனமே குடும்பத்தின் மதிப்பை நிர்ணயித்த அக்காலத்தில், அசரியா சீதனம் வாங்க மறுத்து, மிக எளிய முறையில் அத்திருமணத்தை நடத்தினார். திருமணத்திற்காகப் பட்ட கடனைப் பல ஆண்டுகள் அடைக்கும் குடும்பங்கள் இன்றும் நம்மிடையே உண்டு. செழிப்பைப் பற்றிய அசரியாவின் எண்ணம் எத்தகையது என்பதை அவருடைய திருமண நாளே நமக்குக் காட்டிவிடுகின்றது.

யாழ்ப்பாணம் கற்பித்த பாடம்

அவருடைய வாழ்வின் பெரிய திருப்பம் நமது இலங்கை மண்ணில் நிகழ்ந்தது என்பதைப் பலர் அறியார். 1902 ஆம் ஆண்டில் அசரியா யாழ்ப்பாணத்திற்கு வந்தார். போதிப்பதற்காக வந்தவர் அங்கே தாமே மாணவரானார். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் தங்களுக்குள்ளே ஒரு மிஷனரிச் சங்கத்தை அமைத்து, தங்கள் சொந்தப் பணத்தைச் சேர்த்து, கடலுக்கு அப்பால் இந்தியக் கரையிலுள்ள தொண்டிப் பகுதியில் ஊழியம் நடைபெறச் செய்திருந்தனர். இதனைக் கண்ட அசரியாவின் உள்ளம் குத்துண்டது. திருநெல்வேலித் திருச்சபை யாழ்ப்பாணச் சபையிலும் எண்ணிக்கையில் மிகப் பெரியது. பல தலைமுறைகளாக நற்செய்தியின் நன்மைகளைப் பெற்றது. ஆயினும் மேல்நாட்டு உதவியைப் பெற்றுக்கொள்ளப் பழகியிருந்ததே அன்றி, தன் எல்லைக்கு அப்பால் கொடுக்கப் பழகியிருக்கவில்லை.

அவர் அந்த வேதனையைத் தனிமையில் ஜெபமாக்கினார். அந்த ஜெபம் அவரை ஊருக்குத் திரும்பியதும் வேலை செய்ய வைத்தது. நண்பர்களைச் சந்தித்தார், சபைத் தலைவர்களோடு பேசினார், ஊர் ஊராகச் சென்று விளக்கினார். 1903 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 12 ஆம் திகதி திருநெல்வேலி இந்திய மிஷனரிச் சங்கம் உருவாயிற்று. ஊழியர்களும் இந்தியர், பணமும் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பதே அதன் அடிப்படை. பனையேறிகளும் சிறு விவசாயிகளும் கொடுத்த காசுகளால் அச்சங்கம் நடைபெறத் தொடங்கியது. 1905 ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் தினத்தன்று வங்காளத்திலுள்ள செராம்பூரில் தேசிய மிஷனரிச் சங்கம் தொடங்கப்பெற்றபோதும், அதன் நிறுவனர்களுள் ஒருவராக அசரியா இருந்தார்.

வாசகர்களே, இங்கே சற்று நில்லுங்கள். நாம் ஏழைகள், ஆகையால் நமக்கு யாராவது கொடுக்கவேண்டும் என்று எண்ணுவது இயல்பு. அசரியா யாழ்ப்பாணத்திலே கண்டது இதற்கு நேர் மாறானது. கொடுக்கத் தொடங்கிய நாளிலேயே ஒரு சமூகம் தலைநிமிரத் தொடங்குகின்றது என்பதே அவர் அங்கே கற்ற பாடம்.

கூடாரத்தில் ஒரு குருவானவர்

புதிய சங்கம் தன் ஊழியத்திற்காகத் தெரிந்துகொண்ட இடம், ஐதராபாத் நிசாமின் ஆட்சிக்குட்பட்டிருந்த தோர்ணக்கல் பகுதி. காடும் கற்பாறையும் மலேரியாக் காய்ச்சலும் நிறைந்த தெலுங்குப் பிரதேசம் அது. பிறரை அனுப்பிவிட்டுத் தாம் ஊரில் இருப்பது முறையன்று என்பதை அசரியா உணர்ந்தார். 1907 இல் டோக்கியோவில் நடைபெற்ற உலகக் கிறிஸ்தவ மாணவர் மாநாடு வரை சென்று வந்த அம்மனிதர், 1909 ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்று, ஒரு சாதாரண மிஷனரியாகத் தோர்ணக்கல்லுக்குச் சென்றார். ஆரம்பத்தில் அவருக்கு வீடாக இருந்தது ஒரு கூடாரமே. முப்பத்தைந்து வயதில் தெலுங்கு எழுத்துக்களைச் சிறு பிள்ளைபோல் கற்கத் தொடங்கினார்.

1910 ஆம் ஆண்டில் எடின்பரோவில் நடைபெற்ற உலக மிஷனரி மாநாட்டில் அவர் பேச அழைக்கப்பட்டார். மேல்நாட்டு மிஷனரிகளின் தியாகங்களை நன்றியோடு ஏற்றுக்கொண்ட அவர், அவர்கள் இந்தியச் சகோதரரைச் சமமானவர்களாக நடத்தத் தவறுவதையும் அந்தப் பெரிய அவையிலே தயங்காமல் எடுத்துரைத்தார். உதவியைக் காட்டிலும் நட்பே தங்களுக்குத் தேவையென்று அவர் கேட்டது அநேகருக்குக் கசப்பாயிருந்தது. ஆயினும் அவ்வுரை இன்றளவும் திருச்சபை வரலாற்றில் நினைவுகூரப்படுகின்றது.

1912 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 29 ஆம் திகதி கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அவர் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. இந்தியர் ஒருவர் அப்பதவிக்குத் தகுதியானவரா என்று ஐயுற்றோர் பலர். அவர்களுக்கு அவர் வாதத்தினால் பதிலளிக்கவில்லை. மாட்டுவண்டியிலும் மிதிவண்டியிலும் கிராமங்களைச் சுற்றிவந்து, தம் வேலையினாலேயே பதிலளித்தார். விடியுமுன் எழுந்து வேதம் வாசித்து, தம்முடைய ஊழியர்களையும் சபைகளையும் பெயர் சொல்லித் தேவ சமுகத்தில் நினைத்து ஜெபித்தபின்னரே அவர் நாளைத் தொடங்குவார். காலையில் யாருக்காக ஜெபித்தாரோ, அவர்களுடைய கிணற்றுக்காகவும் பாடசாலைக்காகவும் நோய்க்காகவும் பகல் முழுவதும் அலைவார்.

உழைத்தும் உயராத மக்கள்

அசரியாவின் சபைகளுக்குத் திரளாக வந்தவர்கள் மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட சாதியினர். சேற்றிலும் வெயிலிலும் நாள் முழுவதும் வேலை செய்தவர்கள் அவர்களே. பிறருடைய வயல்களை விளைவித்தவர்களும், தோல் வேலை செய்தவர்களும் அவர்களே. கூலியில்லாத வெட்டிவேலைக்கும் அவர்கள் அழைக்கப்பட்டனர். உழைப்பு மட்டுமே செழிப்பைத் தருமாயின், அந்நாட்டில் முதற் செல்வந்தர்கள் அவர்களாகவே இருந்திருக்கவேண்டும். ஆனால் அவர்களோ ஊருக்கு வெளியே, கடனிலும் பசியிலும் வாழ்ந்தனர்.

இங்கேதான் அசரியாவின் போதனை தனித்து நிற்கின்றது. ஜெபியுங்கள், பொன் பொழியும் என்று அவர் அம்மக்களை ஏமாற்றவில்லை. நீங்கள் சோம்பேறிகள், இன்னும் உழையுங்கள் என்று அவர்களைப் புண்படுத்தவும் இல்லை. அவர்களுடைய உழைப்பின் பலனை விழுங்குவது எது என்று தேடினார். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் நான்கு பேய்களாகக் கண்டு, அவற்றிற்கு எதிராகத் தம் சபைகளைத் திரட்டினார். ஒரு கிராமம் திருமுழுக்குக் கேட்டு வந்தால், ஜெபங்களைக் கற்பிப்பதோடு நில்லாமல், வீட்டையும் தெருவையும் துப்புரவாக வைத்திருக்கவும், குடியை விடவும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பவும் அவர்களைப் பழக்கினார்.

கிராமந்தோறும் ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். அவ்வாசிரியர்களின் மனைவியரும் பயிற்சி பெற்றுக் கிராமப் பெண்களுக்குக் கற்பித்தனர். இப்பணியில் அன்பு மரியம்மாளின் பங்கு பெரிது. தோர்ணக்கல்லில் பயின்ற பிள்ளைகள் எழுத்தோடு விவசாயத்தையும் கைத்தொழிலையும் கற்றனர். புத்தகம் ஏந்திய கை மண்வெட்டியைத் தொடுவது இழுக்கென்னும் எண்ணம் அங்கே இடம்பெறவில்லை. வட்டிக்காரரிடமிருந்து மக்களை மீட்கக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. மருத்துவ நிலையங்களும் அச்சகங்களும் எழுந்தன. 1935 ஆம் ஆண்டளவில் அவருடைய திருமண்டலத்தில் சுமார் 250 இந்தியக் குருமாரும், 2,000 க்கு மேற்பட்ட கிராம ஆசிரியர்களும் பணியாற்றினர். கிறிஸ்தவர்களின் தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியது.

திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும், தாம் பெற்ற நற்செய்தியைப் பிறருக்கு அறிவிக்கும் பொறுப்பு தம்முடையது என்று தம் தலைமீது கைவைத்து அறிக்கையிடும்படி அவர் பழக்கியிருந்தார். எழுத்தறியாத ஒரு கூலித் தொழிலாளியின் கை, பேராயரின் கை தொட்ட அதே தலையின்மீது வைக்கப்படும்போது, தானும் தேவனுடைய வேலையாள் என்னும் மதிப்பு அவனுக்குள் பிறந்தது. நெடுங்காலம் மிதிக்கப்பட்ட மக்களுக்கு அதுவே முதலாவது செழிப்பு.

ஒரு பிடி அரிசி

பிரியமானவர்களே, அசரியாவின் சபைகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு நாளும் உலையிலிடுவதற்கு அரிசி அளக்கும் தாய், அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து ஆண்டவருக்கென்று தனியே வைப்பாள். சேர்ந்த அரிசி ஆராதனை நாளில் ஆலயத்திற்கு வரும். அறுவடைக் காலத்தில் தானியமும் கோழியும் முட்டையும் காய்கறியும் காணிக்கையாகக் குவியும். யாழ்ப்பாணத்துச் சபைகளும் தென்னிந்தியச் சபைகளும் முன்னரே அறிந்திருந்த பிடியரிசிக் காணிக்கைதான் அது. நமது தோட்டப்புறச் சபைகளிலும் பெரியவர்கள் இதனை நினைவுகூருவர்.

இவ்வழக்கத்தை அசரியா மிக உயர்வாக மதித்தார். கிறிஸ்தவன் கொடுப்பதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலையும் எழுதினார். அந்நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. கொடுப்பது பணக்காரரின் கடமை மாத்திரமன்று, ஏழையின் உரிமையும் ஆகும் என்பதே அவருடைய போதனையின் சாரம். மக்கெதோனியா நாட்டுச் சபைகள் கொடிய தரித்திரத்திலும் தாராளமாகக் கொடுத்ததை 2 கொரிந்தியர் 8 ஆம் அதிகாரத்தில் பவுல் எடுத்துக்காட்டுகின்றார். காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்திருந்த இயேசு, விதவையின் இரண்டு காசுகளையே எல்லாவற்றிலும் பெரிதாக எண்ணினார். திருப்பித் தருவார் என்னும் கணக்கில் அவ்விதவை கொடுக்கவில்லை. கொடுத்ததற்குப் பதிலாக அவளுக்கு மாளிகை கிடைத்ததாகச் சுவிசேஷத்தில் எழுதப்படவும் இல்லை.

இவ்விடத்தில் நாம் மிகக் கவனமாயிருக்கவேண்டும். இன்று காணிக்கையை விதையாகவும் செல்வத்தை அறுவடையாகவும் காட்டிப் பிரசங்கிப்போர் உண்டு. சம்பள நாளன்று கையில் வந்த பணத்தைக் கொடுத்துவிட்டு, மாதக் கடைசியில் கடைக்கணக்கு அடைக்க முடியாமல் தவிக்கும் குடும்பங்களும் உண்டு. அசரியாவின் பிடியரிசி அத்தகையதன்று. அது பசித்த பிள்ளையின் தட்டிலிருந்து பறிக்கப்பட்டதும் அன்று, தேவனோடு செய்துகொண்ட வியாபாரமும் அன்று. ஏற்கெனவே பெற்ற நன்மைக்கு நன்றியாக, தாயின் கை தானாக அளந்து வைத்த பங்கு அது. அந்த அரிசி ஊழியரின் அடுப்பையும், தன்னிலும் வறியவரின் அடுப்பையும் எரியச் செய்தது.

குற்றச்சாட்டும் சாட்சியும்

1930களில் அசரியாவின் பணி கடும் விமர்சனத்திற்கு உள்ளாயிற்று. ஒடுக்கப்பட்ட மக்கள் திரளாகக் கிறிஸ்தவர்களாவதைக் காந்தியடிகள் ஏற்றுக்கொள்ளவில்லை. உலக நன்மைகளை எதிர்பார்த்தே அவர்கள் செல்கின்றனர் என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. அக்கேள்வியை நாம் இலகுவாகத் தள்ளிவிட முடியாது. ஜெபத்தையும் செழிப்பையும் இணைத்துப் பேசும் எந்தச் சபையும் இக்கேள்விக்கு முகங்கொடுக்கத்தான் வேண்டும். மக்கள் ஆண்டவருக்காக வருகின்றார்களா, அப்பத்துக்காக வருகின்றார்களா?

அசரியா தம் மக்களின் விசுவாசத்தைப் பற்றி எழுதியும் பேசியும் பதிலளித்தார். ஆயினும் அதனிலும் பெரிய பதில் கிராமங்களில் இருந்தது. கிறிஸ்தவர்களான பின்னரும் அம்மக்கள் தங்கள் நிலச்சுவான்தார்களின் கோபத்தையும் துன்புறுத்தலையும் சகித்தனர். வறுமை உடனே நீங்கிவிடவில்லை. ஆயினும் அவர்கள் கொடுக்கின்றவர்களாக மாறியிருந்தனர். குடியை விட்டனர், குடும்பமாக ஜெபித்தனர். இந்த மாற்றத்தைக் கண்டு, முன்னர் அவர்களைத் தீண்டாதிருந்த சாதியினரிற் பலரும் திருச்சபையை நாடி வந்தனர். கடைசியில் இருந்தவர்கள் முதலில் இருந்தவர்களுக்குப் போதகரானார்கள்.

கிறிஸ்தவர்களுக்கென்று தனித் தேர்தல் தொகுதிகள் ஒதுக்கப்படுவதையும் அசரியா விரும்பவில்லை. திருச்சபை சலுகை தேடும் கூட்டமாகிவிடக்கூடாது என்பதே அவருடைய கவலை. விசுவாசத்தை உலக இலாபத்திற்கு ஏணியாக்குவது, அந்த இலாபம் எத்தகையதாயினும், அவருக்கு ஒவ்வாததாயிருந்தது.

இருபத்தைந்து ஆண்டுகளின் கற்கள்

தோர்ணக்கல்லில் ஒரு பேராலயம் கட்டவேண்டும் என்பது அவருடைய நீண்டநாள் ஆவல். மேல்நாட்டு ஆலயத்தின் மறுபதிப்பாக அன்றி, இந்த மண்ணின் சாயலிலேயே அது அமையவேண்டும் என விரும்பினார். ஆகவே கோயில்களை நினைவூட்டும் கற்றூண்களும், பள்ளிவாசல்களை நினைவூட்டும் கும்மட்டங்களும் அதில் இடம்பெற்றன. வேலை விரைவில் முடியவில்லை. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் சென்றன. நம் காலத்தவர் இதனைத் தடையென்றும் தோல்வியென்றும் கூறியிருப்பர். அசரியாவோ கல்லின்மேல் கல் ஏறும் வேகத்தில் பொறுமையோடிருந்தார். ஆலயம் எழும்பும் முன்பே சபை எழும்பிக்கொண்டிருந்தது. 1939 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6 ஆம் திகதி, ஞானியர் இயேசுவைக் காணவந்த திருநாளன்று, அப்பேராலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பல நூற்றாண்டுகளாகக் கோயில் வாசல்களுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த மக்கள், அன்று தங்கள் சொந்த ஆலயத்திற்குள் தலைநிமிர்ந்து நுழைந்தனர்.

தமது இறுதிக் காலத்தில் தென்னிந்தியத் திருச்சபைகளின் ஐக்கியத்திற்காக அவர் மிகவும் பாடுபட்டார். அதன் நிறைவைக் காண அவர் இருக்கவில்லை. 1945 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாம் திகதி தோர்ணக்கல்லில் அவர் இளைப்பாறுதலுக்குள் சென்றார். தென்னிந்தியத் திருச்சபை 1947 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 27 ஆம் திகதி உதயமாயிற்று. தாம் ஜெபித்ததும் உழைத்ததுமான காரியத்தின் பலனை மற்றவர்கள் அறுத்தார்கள். பல்கலைக்கழகப் பட்டத்தை இழந்த அவருக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1920 ஆம் ஆண்டில் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியிருந்தது. ஆயினும் அவர் தம் மக்களிடையே எளிமையாகவே வாழ்ந்து மறைந்தார்.

நமக்குரிய பாடம்

மலையக வாசகர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்வோம்?

முதலாவதாக, ஜெபம் கூலிக்கணக்கு அன்று. இத்தனை நாள் ஜெபித்தேன், இத்தனை ஆசீர்வாதம் வரவேண்டும் என்று தேவனிடம் பேர் எழுதிச் சம்பளம் கேட்க முடியாது. அன்னாளைப்போல் ஜெபித்த எல்லன் அம்மையாருக்குக் கிடைத்த பிள்ளை அவருடைய சொத்தாகவில்லை. பிறருக்குரிய ஆசீர்வாதமாகவே அப்பிள்ளை வளர்ந்தது. ஜெபம் முதலில் நம்மையே மாற்றுகின்றது. பின்னர் நமது கைகளுக்கு வேலை கொடுக்கின்றது.

இரண்டாவதாக, உழைப்பு மதிப்புள்ளது. கூடாரத் தொழில் செய்துகொண்டே நற்செய்தி அறிவித்த பவுல் தெசலோனிக்கேயருக்கு அதனையே வற்புறுத்தினார். ஆயினும் உழைப்பவனுக்கு நியாயமான கூலி கிடைக்காதவிடத்து, உழைப்பாளியைக் குறை கூறுவது பாவம். பிடித்துவைக்கப்பட்ட கூலியைப் பற்றி யாக்கோபு தம் நிருபத்தின் 5 ஆம் அதிகாரத்தில் எத்துணை கடுமையாக எழுதியுள்ளார் என்பதை வாசித்துப் பாருங்கள். 1948 ஆம் ஆண்டின் சட்டத்தினால் குடியுரிமை இழந்த நம் மக்கள், அதனை முழுமையாக மீளப் பெற 2003 ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்னும் கோரிக்கை 2021 ஆம் ஆண்டில் வர்த்தமானியில் இடம்பெறுமுன் எத்தனை ஆண்டுகள் கடந்தன என்பதையும் நீங்கள் அறிவீர்கள். அந்த ஆண்டுகளிலெல்லாம் நம் தாய்மார் ஜெபிக்காமலா இருந்தார்கள்? கொழுந்து பறிக்காமலா இருந்தார்கள்? ஆகவே நீதிக்காகக் குரல் கொடுப்பதும் ஜெபிக்கின்ற சபையின் வேலையே ஆகும்.

மூன்றாவதாக, நம் கையிலிருப்பதை நாம் காத்துக்கொள்ளவேண்டும். அசரியா எதிர்த்த நான்கும் நம் லயங்களின் வாசலிலும் நிற்கின்றன. சம்பளம் வாங்கிய மாலையில் தவறணைக்குச் செல்லும் தகப்பனின் பணமும், நகையை அடகு வைத்து மீட்க முடியாத தாயின் பணமும், வட்டிக்காரரின் கைக்குச் செல்லும் பணமும் உழைத்துச் சம்பாதித்த பணமே. குடும்பமாகக் கூடி ஜெபிக்கும் வீட்டில், மாதச் செலவையும் கூடிப் பேசி எழுதி வைப்பதில் தவறேதுமில்லை. பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கென்று முதலில் ஒரு பகுதியை எடுத்துவைப்பதும் ஒரு விசுவாசச் செயலே.

நான்காவதாக, செழிப்பு என்பது எவ்வளவு சேர்த்தோம் என்பதனால் மாத்திரம் அளக்கப்படுவதன்று. இன்னொருவருக்குக் கொடுக்க நம்மிடம் ஏதேனும் உண்டா என்பதே அதன் அளவுகோல். மண்சரிவில் வீடிழந்த அயலவருக்கு ஒரு சட்டி சோறு கொடுக்கும் குடும்பம், தாய் வெளிநாட்டில் வேலை செய்யப் பாட்டியிடம் வளரும் அயல்வீட்டுப் பிள்ளையின் கொப்பி புத்தகத்தைக் கவனிக்கும் குடும்பம், ஆண்டவருடைய பார்வையில் ஐசுவரியமுள்ள குடும்பமே.

இவ்வாரம் உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனியே வையுங்கள். அது யாருக்கென்று ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் ஒரு பெயரை உங்கள் நினைவுக்குக் கொண்டுவருவார். அந்த வீட்டுக் கதவைத் தட்டுவதற்குத் தயங்காதீர்கள்.

ஜெபிக்கும் உதடுகளையும், உழைக்கும் கைகளையும், கொடுக்கும் இருதயத்தையும் நம் ஒவ்வொருவருக்கும் தேவன் அருள்வாராக. நம் உழைப்பின் பலனை நாமும் நம் பிள்ளைகளும் நீதியோடு அனுபவிக்கும் நாளை அவர் விரைவில் கட்டளையிடுவாராக. ஆமென்.